கேபின் ஏற்றிய கிருத்திகை

எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்ப்பார்கள். பிறகு கொல்லையைப் பார்ப்பார்கள். அதன்பிறகு வரமாட்டார்கள். எனக்கு எட்டு வயது ஆவதற்குள் இப்படி நான்கு கூட்டம் வந்து போயிருந்தது. நான்கு கூட்டத்துக்கும் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். கொல்லையைக் கண்டதும் மனிதர்களின் முகம் எப்படி மாறும் என்பது எனக்கு அத்துப்படி.

கொல்லையில் இருந்தது ஒரு பழைய பிக்கப் வண்டி. அதை வண்டி என்று சொன்னவர் சித்தப்பா ஒருவர்தான். ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரு மாந்தோப்பில் அது பல வருடமாகக் கோழிக்கூண்டாக இருந்ததாம். பழைய இரும்புக்கடைக்காரர் வெட்டி எடுக்க வந்த அன்றைக்கு, தற்செயலாக அந்தப் பக்கம் போன சித்தப்பா குறுக்கே விழுந்து தடுத்து, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நீண்ட மூக்கு, இரண்டு பக்கமும் உருண்டு திரண்ட மட்கார்டு, நடுவில் இரண்டு பேர் நெருக்கி உட்காரும்படி ஒரு சின்ன கேபின், பின்னால் சாமான் ஏற்றத் தொட்டி. வந்த அன்று சீட்டுக்கு அடியில் கையை விட்டு நான் ஒரு முட்டையை எடுத்தேன். அம்மா அதைத் தூர எறியச் சொல்லிவிட்டாள்.

என் நைனா தாலுகா ஆபீசுக்கு எதிரில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். ஊருக்கெல்லாம் மனு எழுதி எழுதி, வீட்டிலும் அந்த நடையிலேயே பேசப் பழகிவிட்டார். அந்த வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'மேற்படி'. தாய் தகப்பன் இல்லாத தம்பிக்குக் கல்யாணம் செய்து வைக்கவில்லை என்றால் ஊர் அண்ணனைத்தான் கேட்கும். அந்தக் கவலையில் வாரத்துக்கு ஒரு முறையாவது தீர்ப்புச் சொல்வார்.

"மேற்படி இங்க இருக்கிற வரைக்கும் இவனுக்குக் கல்யாணம்னு ஒண்ணு ஆவாது. எழுதி வச்சிக்கோ."

சித்தப்பா பைபாஸ் ரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் வேலை செய்தார். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் மேற்படிக்கு. மூன்று வருடத்தில் அதை ஆணி ஆணியாகக் கழற்றிவிட்டார். கேபின் தனியாக நான்கு சிமெண்டுக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும். அடிச்சட்டம் தார்ப்பாய்க்குள் இருக்கும். துரு தின்ற தகரத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பார்த்துத் தேய்த்து, மறுபடி பட்டி பார்த்துத் தேய்த்து, கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் பெயிண்ட் அடித்தார். லுங்கி நெய்கிற பொதட்டூர்பேட்டையில்கூட இந்தக் கலர் போடமாட்டார்கள் என்றாள் அம்மா. எனக்கோ அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையைக் கழற்றாமல் போய் அதன் முன்னால் நிற்பேன். தொடக் கூடாது, பார்க்கலாம் என்பது சட்டம். வெயில் சாயும்போது ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரியும். அது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்பதை என்னால் நம்பவே முடிந்ததில்லை.

நான் அதைத்தான் வண்டி என்று நினைத்திருந்தேன். சித்தப்பாதான் திருத்தினார். அடிச்சட்டத்துக்குப் பெயர் சேஸ்.

"சேஸுதான் ஒடம்பு. கேபினு தல. தல ஒக்காந்தாதான் அதுக்கு உசுரு."

தலை உட்கார சேஸில் நான்கு இடம் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஓட்டை, அதன்மேல் நடுவில் துளை போட்ட தடித்த ரப்பர் வில்லை. கேபினின் அடியிலும் அதே மாதிரி நான்கு ஓட்டை. மேலே இருக்கிற ஓட்டையும் கீழே இருக்கிற ஓட்டையும் ஒன்றுக்குள் ஒன்று தெரிய வேண்டும். அப்போதுதான் போல்ட் இறங்கும். நான்கில் ஒன்று கோணினாலும் கதவு சாத்தாது, கண்ணாடி நிற்காது. இதையெல்லாம் எனக்கு அவர் தரையில் கரிக்கட்டியால் வரைந்து காட்டினார். நான் மறுநாள் பள்ளிக்கூடத்தில் வரைந்து காட்டி டீச்சரிடம் அடி வாங்கினேன்.

இந்த நேரத்தில்தான் நகரியிலிருந்து ஐந்தாவது சம்பந்தம் வந்தது. எங்கள் சனத்தில் சில வீடுகளில் தமிழ் பேசுவார்கள், சில வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் வீடு தமிழ். நகரிக்காரர்கள் தெலுங்கு, சொந்தமாகத் தறி வைத்து ஓட்டுகிறவர்கள். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு பேச்சும் தெரியும். சந்தைக்கும் திருத்தணி மலைக்கும் போய் வந்துகொண்டிருந்தால் தன்னால் வந்துவிடும். பெண் போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டது என்று தகவல் வந்தது. சித்தப்பாவும் பெண்ணின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். வேண்டாம் என்கிறார் போல என்று நைனா நொந்துகொண்டிருக்க, நான்தான் உண்மையைக் கண்டுபிடித்து வீடு முழுக்கச் சொன்னேன். அவருடைய ஸ்பேனர் பெட்டியின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் போட்டோ இருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடுக்கப் பெட்டியைத் திறந்தால் பத்து நிமிஷம் ஆனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேற்படியைத் தார்ப்பாய் போட்டு மூடி, முன்னால் விறகை அடுக்கிவிடலாம் என்பது நைனாவின் யோசனை. சித்தப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகக் கிடப்பதால்தானே குப்பை என்கிறார்கள், கேபினை ஏற்றி நிறுத்திவிட்டால் வண்டி என்று சொல்லித்தானே ஆகவேண்டும் என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணனிடம் கெஞ்சினார்.

"இந்த ஒரு பொண்ணு எனக்கு வேணும்ணா."

நைனா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அவர் ஒரு விஷயத்தை ஒத்துக்கொண்டார் என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்த வாரம் நடுவில் கிருத்திகை வந்தது. மலையடிவாரத்தில் குடியிருக்கிற எங்களுக்குக் கிருத்திகை என்றால் வண்டி ஓடாத நாள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். பட்டறைக்கும் லீவு. சித்தப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. கேபின் ஏற்ற ஆறு பேர் வேண்டும் என்று பட்டறைச் சிநேகிதர்களைக் கூப்பிட்டிருந்தார். பஸ் நின்ற இடத்தில் சிநேகிதர்களும் நின்றுவிட்டார்கள். ஒரே ஒருவர் மட்டும் காவடிக் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு சாக்குமூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தார். மூட்டைக்குள் செயின் பிளாக் இருந்தது. கிணற்றிலிருந்து மோட்டாரைத் தூக்குகிறவர்கள் வைத்திருப்பது. சங்கிலியை ஒரு பக்கம் இழுத்தால் பாரம் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும்.

மூன்று இரும்புக் குழாய்களின் தலையைச் சேர்த்துக் கட்டிக் காலை விரித்து நிறுத்தினார்கள். உச்சியில் செயின் பிளாக். கேபினின் இரண்டு கதவு வழியாகவும் ஒரு மரக்கட்டையைக் குறுக்கே விட்டு, பழைய புடவையைச் சுற்றி, கயிறு கட்டினார்கள். சிநேகிதர் சங்கிலியை இழுக்க ஆரம்பித்தார். கடகடவென்று சத்தம் மட்டும் வந்தது, கேபின் அசையவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு சிமெண்டுக் கல்லுக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அந்தக் கோடு விரல் அளவானது, சாண் அளவானது. மூன்று வருடமாகத் தரையில் பார்த்த ஒன்று என் தலைக்கு மேலே போய் நின்று மெல்லத் திரும்பியது. வாயாடி என்று தெருவே பெயர் வைத்திருந்த நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு லேசாகக் காற்றில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. நைனாகூட மேற்படி என்று சொல்லவில்லை.

சக்கரம் பூட்டிய சேஸை அதன் அடியில் தள்ளி நிறுத்தியபோதுதான் சந்து வழியாக ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நகரிக்காரர்கள்.

கிருத்திகைக்கு மலைக்கு வந்தார்களாம். வந்தது வந்தோம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நடை எதற்கு, அப்படியே மாப்பிள்ளை வீட்டையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள். அண்ணன்கள் இரண்டு பேரும் அப்போதுதான் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லாததால், சங்கிலிச் சத்தம் வந்த பக்கமாக நேராகக் கொல்லைக்கே வந்துவிட்டார்கள். நைனா பனியனோடு நின்றார். அம்மா தலைமுடியை அள்ளிச் செருகியிருந்தாள். சித்தப்பாவின் முகத்தில் கிரீஸ். ஆனால் நகரிக்காரர்கள் எங்களில் யாரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிடப் போய், பாதியில் சுதாரித்துக்கொண்டு மேல்துண்டைச் சரிசெய்தார். இப்போதுதான் ஒரு சன்னிதியில் நின்றுவிட்டு வந்தவர், கை பழக்கத்தில் போயிருக்கும்.

நைனா உள்ளே வாருங்கள் என்று தடுமாற, பெரிய மொட்டை வேட்டியை மடித்துக் கட்டிவிட்டது.

"ஆளு பத்தாம நின்னுகினு இருக்கீங்க. அப்புறம் காப்பி குடிக்கலாம். சங்கிலிய எங்கிட்ட குடுங்க. தறி ஓட்டுறவங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா."

அம்மா என் காதில், இது நல்ல சகுனம் என்றாள். சித்தப்பா சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய மொட்டை முன்பக்கம் சங்கிலியில் நின்றார். சின்ன மொட்டையும் சிநேகிதரும் முன்மூலைகளைப் பிடித்தார்கள். நைனா பின்பக்கம் ஒரு மூலை. பின்னால் தொட்டி இன்னும் பூட்டாததால் சேஸ் வெறும் இரண்டு சட்டமாக நீண்டு கிடந்தது. சித்தப்பா அதன்மேல் குப்புறப் படுத்து, இரண்டு பக்கமும் கை நீட்டிப் பின்மூலை ரப்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது மூலை மதிலை ஒட்டி இருந்தது. அவருடைய கை அங்கே எட்டியது, கண் எட்டவில்லை. மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி.

"நீ போய் அந்த சந்துல நில்லு. ஓட்டைக்குள்ள ஓட்ட தெரிஞ்சா சொல்லு. அப்பால நான் ரப்பர நேரா வச்சிட்டு, எறக்கச் சொல்றேன்."

இதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. கையில் டார்ச் லைட்டோடு போய் நின்றேன். என் மூக்குக்கு நேராக, ரப்பருக்கு நான்கு விரல் உயரத்தில், மயில்கழுத்து நிறத்தின் விளிம்பு ஆடியது. பெயிண்ட் வாசனை, கிரீஸ் வாசனை, மலையிலிருந்து வந்த கற்பூர வாசனை. கேபினுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் நான் நின்றது தெரியவில்லை. தெருவில் காவடி போய்க்கொண்டிருந்தது. பம்பைச் சத்தம் மதிலில் முட்டித் திரும்பியது. காலையிலிருந்து அரோகரா போட்டு என் தொண்டை வேறு கட்டியிருந்தது.

தள்ளு, இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல, கேபினின் ஓட்டை நகர்ந்து நகர்ந்து வந்தது. முதலில் பிறை மாதிரி ஒரு ஓரம் தெரிந்தது. பிறகு பாதி. பிறகு, அவர் கரிக்கட்டியால் வரைந்து காட்டிய அதே வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் தரையில் கிடந்த ஒரு வேப்பிலை. இருந்த தொண்டையெல்லாம் திறந்து கத்தினேன்.

"இங்க! இங்க! இங்க!"

சித்தப்பா விரல்களை உள்ளே விட்டு ரப்பரை நேராக்கினார். அதே நேரம் கேபின் இறங்கியது.

தெலுங்கில் 'இங்கா' என்றால் 'இன்னும்' என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். பெரிய மொட்டைக்குத் தமிழில் 'இங்க' என்றால் என்ன என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? பம்பைச் சத்தத்துக்கு நடுவில், தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் இன்னும், இன்னும், இன்னும் என்று அவசரப்படுத்தியது அவர் காதுக்கு. இன்னும் இறக்கச் சொல்கிறார்கள் என்று, இறங்குகிற பக்கம் மூன்று தரம் இழுத்தார்.

நான் பார்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் சித்தப்பாவின் நடுவிரல் ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவில் போய் நின்றது. அவர் கத்தவில்லை. கத்தினால் நான்கு பக்கமும் பிடித்திருந்தவர்கள் பதறிக் கையை விட்டிருப்பார்கள், கேபின் மதில் பக்கம் சாய்ந்திருக்கும், மதில் பக்கம் நான் நின்றேன். இதெல்லாம் அன்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய கண் மட்டும் என் பக்கம் திரும்பி, பேசாமல் இரு என்றது. பிறகு பெரிய மொட்டை இருந்த பக்கமாக, காப்பிக்குச் சர்க்கரை கேட்கிற குரலில், தெலுங்கில் சொன்னார்.

"கொஞ்செம் பைக்கி எத்தண்டி, பாவா."

கொஞ்சம் மேலே தூக்குங்கள் என்று அர்த்தம். அது ஏன் என்று யாருக்கும் உறைக்கவில்லை. கடைசியில் வந்த பாவாதான் எல்லாருக்கும் கேட்டது. தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னாலேயே மச்சானை முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டாரே என்று சின்ன மொட்டை கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் கேபின் மேலே ஏறியது. சித்தப்பா கையை உருவி, இடுப்பில் இருந்த, கிரீஸ் துடைக்கும் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டார். இடது கையால் ரப்பரை நேராக வைத்தார். மதில் மூலையில் என்னைப் பார்த்து, ஓட்டைக்குள் ஓட்டை தெரிகிறதா என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையாட்டினேன்.

"இப்ப எறக்குங்க. மெல்லமா."

கேபின் உட்கார்ந்தது. பெரிய சத்தம் வரும் என்று காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். வரவில்லை. வேலை முடிந்து உட்காருகிற ஆள் விடுகிற மூச்சு மாதிரி ஒன்று மட்டும் கேட்டது. நான்கு போல்ட்டும் கையாலேயே இறங்கின. சந்திலிருந்து வெளியே வந்து முன்பக்கம் ஓடிப் பார்த்தேன். அங்கே ஒரு வண்டி நின்றது. அதுவரை கோழிக்கூண்டு, தகரம், மேற்படி என்று எத்தனையோ பெயரில் கிடந்த ஒன்று, தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தது. சாமி வந்தவர்களுக்கு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அம்மா வண்டியைப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேஸிலிருந்து சித்தப்பா நின்ற இடம் வரைக்கும் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"சம்பந்தம் பேச வந்த எடத்துல ரத்தம் பாக்கலாமா? யாரு வாய்லருந்து வந்துச்சு அந்த வார்த்த? யாரு இங்கா இங்கான்னது?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஆனால் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டிருந்த சிநேகிதர் அதை அப்படியே கீழே வைத்துவிட்டார். எங்கள் சனத்தில் கருநாக்கு என்று ஒன்று சொல்வார்கள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் ஒருத்தியின் வாயிலிருந்து வந்த வார்த்தையால் கெட்டது நடந்துவிட்டால், அந்தப் பெயர் அவளை விட்டுப் போகாது. மஞ்சள் இடிக்கக் கூப்பிடமாட்டார்கள், வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள், பெண் கேட்டு வரமாட்டார்கள். திருத்தணியில் வைத்த பெயர் புத்தூர் வரைக்கும் போகும். ஆணுக்கு அந்தப் பெயர் ஒட்டாது, அவனுக்கு ராசி இல்லாதவன் என்று வேறு பெயர் இருந்தது.

"நான்தாங்க அத்த," என்றார் சித்தப்பா. "ஓட்டைய பாத்துட்டு, இங்க இங்கன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன்."

பெரிய மொட்டை தலையைச் சொறிந்தது. "சின்னக் கொரலா கேட்டுச்சே?"

"ஆங். கவுந்து படுத்துகினு இருந்தேன் பாருங்க. நெஞ்சு அமுங்கி, கொரலு கீச்சுன்னு வந்துடுச்சு."

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. முன்னால் போய் நின்றேன். "இல்ல. நான்தான் சொன்னேன். சித்தப்பா சொல்லல, நான்தான் மூணு வாட்டி சொன்னேன்."

அம்மாவின் முகம் வெளுத்தது. சித்தப்பா சிரித்தார். "இது இப்படித்தாங்க. ஊர்ல எது நடந்தாலும் நான்தான் செஞ்சேன்னும். போன மாசம் மழ பேஞ்சதுக்கும் இதுதான் காரணமாம்." சின்ன மொட்டை மறுபடி சிரித்தது. பெண்ணின் அப்பாகூடச் சிரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா நல்ல கையால் என்னை அலாக்காகத் தூக்கிக் கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். கதவு முதல் தரமே சாத்திக்கொண்டது. சீட் இல்லாத வெறும் பலகையில் நின்று, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக நான் கத்திக்கொண்டே இருந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

நகரிக்காரர்கள் காப்பி வேண்டாம் என்றார்கள். மரியாதைக்குத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, கை நனைக்காமல் கிளம்பினார்கள். நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாப்பிள்ளை தன் வாயாலேயே ரத்தத்தை வரவழைத்துக்கொண்டார் என்று பெண்ணின் அம்மா சந்து முனையில் சொன்னது அம்மாவுக்குக் கேட்டதாம். பெண்ணின் அப்பா மட்டும் திரும்பி நின்று வண்டியை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார். நல்ல நாள் வரவேயில்லை. நைனா சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நடுவிரலின் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள்.

நான் ஜெயித்த ஒன்றை அவர் தட்டிப் பறித்துக்கொண்டார் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஊரில் யார் கேட்டாலும், தான் 'இங்க' என்று கத்தி விரலைக் கொடுத்த கதையை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று வருடம் கழித்து அவருக்கு ஆர்.கே.பேட்டையில் கல்யாணம் ஆனது. பெண் பார்க்க அந்த வண்டியில்தான் போனோம். சித்திக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, எனக்குத் தலை பின்னிக்கொண்டே, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த பழைய கதையைப் போலச் சொன்னாள்.

"நீ மட்டும் அன்னிக்கு இங்கன்னு கத்தலன்னா உங்க சித்தப்பா நகரிக்குப் போயிருப்பாரு, எனக்கு வேற எவனாவது வாச்சிருப்பான். அவரு மட்டும் நான்தான்னு சொல்லலன்னா, இன்னிக்கு உன்னப் பாக்க ஒருத்தனும் இந்தச் சந்துக்குள்ள வந்திருக்க மாட்டான். கொழந்த சொன்னதுன்னு சொல்லியிருந்தா அவங்க சமாதானமாயி அவருக்குப் பொண்ணு குடுத்திருப்பாங்க, தெரியுமா."

எனக்குத் தெரியாது. பின்னலைப் பிடித்தபடி அவள் கை நின்றது. ஏன் அழுகிறாய் என்று கேட்டாள்.

அந்தக் கிருத்திகை அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சித்தப்பா, வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொல்லைக்கு வந்தார். கையில் பெரிய கட்டு. நான் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா எத்தனை தரம் கூப்பிட்டும் இறங்கவில்லை. அவர் ஜன்னலில் முகத்தை வைத்து, பேசமாட்டாயா என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"நான் சொன்னத ஏன் நீ சொன்னதா சொன்ன? திருடன்."

"ஆங். திருடன்தான்," என்றார் சித்தப்பா. "திருப்பித் தரமாட்டேன், போ."

எனக்கு அது வேண்டும், அது என்னுடையது, கொடுத்துவிடு, கொடுத்துவிடு என்று அவருடைய கட்டுப் போட்ட கையின் மேலேயே அடித்து அடித்து அழுதேன்.